தீவு நகரில் ஒரு நாள் நடை
(சிங்கப்பூர்த் தெருக்களில் நெல்லைச் சீமையின் சுவடுகள்)

சங்கரன்கோவிலிலிருந்து மேற்கே சென்றால் புளியங்குடி. அங்கிருந்து தெற்கே திரும்பினால் கடையநல்லூர். அதற்கும் தெற்கே தென்காசி. கிழக்கே கோவில்பட்டியைக் கடந்து போனால் எட்டயபுரம். மலையடிவாரத்து ஊர்களுக்கும் கரிசல் காட்டு ஊருக்கும் நடுவே சங்கரன்கோவில் அமைந்திருக்கிறது. மேற்கையும் கிழக்கையும் இணைத்து முடிச்சுப் போட்ட ஊர் வேறொன்றும் உண்டு. அது வங்கக் கடலையும் மலாக்கா நீரிணையையும் கடந்து கிடக்கும் சிங்கப்பூர். மலையடிவாரத்து நெசவுக் குடும்பங்கள் அங்கே குடியேறின. கரிசல் பூமியின் புலவர் ஒருவரின் பெயரை அக்குடும்பங்கள் அங்கே ஒரு பள்ளிக்கூடத்துக்குச் சூட்டின. இவ்விரு செய்திகளுக்கும் இடையே கிடப்பது ஏறத்தாழ ஒரு நாள் நடை.

சிங்கப்பூர் சிறிய தீவு. கிழக்கு மேற்காக ஏறக்குறைய 50 கிலோமீட்டர், வடக்குத் தெற்காக 27 கிலோமீட்டர் அளவே உள்ளது. தமிழ்நாட்டிலிருந்து சுற்றுலாச் செல்வோர் குளிரூட்டிய பேருந்தில் ஏறி, நீர் உமிழும் சிங்கச் சிலையையும் வானளாவிய விடுதிகளையும் விலங்குப் பூங்காவையும் கண்டு, மூன்றாம் நாள் ஊர் திரும்பிவிடுகின்றனர். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆயினும் அத்தீவின் பழைய நகரம் கால்நடையாகவே பார்த்து முடிக்கத்தக்க அளவினது என்பதைப் பலர் அறியார். தென்முனையிலுள்ள தஞ்சோங் பகாரில் காலையில் புறப்பட்டு, ஆங்காங்கே நின்று இளைப்பாறி, சிராங்கூன் சாலையில் மாலையில் நடையை முடித்துக்கொள்ளலாம். வளைந்து வளைந்து சென்றாலும் ஏழெட்டுக் கிலோமீட்டருக்கு மேற்படாது. வெயிலும் மழையும் மாறி மாறி வரும் ஊர் அது. அதனாலேயே 1822இல் இராஃபிள்ஸ் வகுத்த நகரத் திட்டத்தில், ஒவ்வொரு கடையின் முகப்பிலும் மக்கள் நடப்பதற்குக் கூரையோடு கூடிய தாழ்வாரம் விடவேண்டும் என்று விதிக்கப்பட்டது. ஐந்தடி அகலம் என்பதால் அது ஐந்தடிப் பாதை ஆயிற்று. அங்குள்ள தமிழர் வாயில் அது 'அஞ்சடி'. வீடற்ற கூலியாள் படுத்துறங்கியதும் பண்டம் விற்றவன் கூடையை இறக்கி வைத்ததும் அந்த அஞ்சடியில்தான்.

தஞ்சோங் பகார் என்னும் மலாய்ப் பெயருக்கு வேலி முனை என்று பொருள். கப்பல் துறைகள் எழுந்த பின்பு அது துறைமுகத் தொழிலாளரின் குடியிருப்பாக மாறிற்று. கடையநல்லூர், தென்காசி முஸ்லிம் மக்கள் இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் பெருமளவில் வந்து தங்கியது இங்கேதான். ஆலைத் துணியால் தறி நலிந்ததும், மழை பொய்த்த ஆண்டுகள் மிகுந்ததும் அவர்களைக் கப்பலேற்றின. நாகப்பட்டினத்தில் ஏறிப் பினாங்கு வழியாக வந்தவர்கள் பலர். 1926 முதல் 1973 வரை அந்தக் கடல்வழியில் ஓடிய 'ரஜூலா' கப்பலின் பெயர் தென்பாண்டிச் சீமையின் பழைய குடும்பங்கள் பலவற்றில் இன்றும் வழங்கும் சொல்.

இவர்களின் வருகையில் ஒரு வேறுபாடு உண்டு. அதைச் சிங்கப்பூர்த் தமிழர் வரலாற்றை எழுதியோர் ஒரு வரியில் சொல்லிவிட்டுக் கடந்து போகின்றனர். கடற்கரை ஊர்களிலிருந்து அவர்களுக்கு முன்னரே வந்த தமிழ் முஸ்லிம் வணிகரும், செட்டிநாட்டு நகரத்தாரும், தோட்டக் கூலிகளாக வந்தோரில் பலரும் ஆடவர்களாகத் தனித்தே வந்தனர். மனைவி மக்கள் ஊரில் இருந்தனர். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஊர் சென்று மீள்வதே வழக்கமாயிருந்தது. கடையநல்லூரும் தென்காசியும் மட்டும் பெண்டு பிள்ளைகளோடு புறப்பட்டு வந்தன. ஆடவர் துறைமுகத்தில் மூட்டை தூக்கினர். பெண்டிர் அம்மியில் மசாலை அரைத்தனர். அரைத்ததை வீடு வீடாகக் கொண்டுபோய் விற்றனர். நெசவு வீட்டில் கணவனுக்கு நூல் சுற்றித் தந்த கை அது. தீவுக்கு வந்ததும் அம்மிக் குழவியைப் பற்றிக்கொண்டது, அவ்வளவே மாற்றம். இக்காட்சியை நினைவில் இருத்திக்கொண்டே மேலே நடக்கவேண்டும். இன்று அங்கே அம்மியும் இல்லை, அக்குடும்பங்களும் இல்லை. பழைய குடியிருப்புகளை இடித்து மாடிவீட்டுத் தொகுதிகளை அரசு எழுப்பிய காலத்தில், குடும்பங்கள் தீவின் பல மூலைகளுக்கும் சிதறின. துறைமுகமும் மேற்கே துவாசுக்கு இடம்பெயர்ந்து வருகிறது.

வடக்கே சற்று நடந்தால் தெலுக் ஆயர் தெரு. 'தெலுக்' என்பது விரிகுடா, 'ஆயர்' என்பது நீர். தெருவில் நிற்பவர்க்குக் கண்ணுக்கெட்டிய தொலைவு வரை நீர் தென்படாது. வங்கிகளின் நெடுமாடங்களே தென்படும். ஆனால் 1880களுக்கு முன்பு கடலலை வந்து மோதிய கரை இதுவே. கடலைத் தூர்த்து நிலமாக்கியபோது தெரு உள்நாட்டுக்குள் போய்விட்டது. கப்பலிலிருந்து இறங்கிய தமிழன் முதலில் மிதித்த மண் இது என்பதற்கு இரண்டு கட்டடங்கள் சான்றாக நிற்கின்றன. ஒன்று, 1828க்கும் 1830க்கும் இடையே எழுப்பப்பட்ட நாகூர் தர்கா. நாகூரில் அடங்கியுள்ள சாகுல் ஹமீது ஆண்டகையின் நினைவாகச் சோழமண்டலக் கரையிலிருந்து வந்தோர் கட்டியது. அவர் உடல் நாகூரில். இங்கிருப்பது நினைவு மட்டுமே. கடலில் உயிர்பிழைத்து வந்தவன் கரையேறியதும் நன்றி சொல்ல நாகூர் வரை திரும்பிப் போக முடியாது அல்லவா? ஆகவே நாகூரையே இங்குக் கொண்டுவந்துவிட்டான். 2011 முதல் அது இந்திய முஸ்லிம் மரபுடைமை நிலையமாக விளங்குகிறது. மற்றொன்று, 1827இல் ஓலைக் குடிலாகத் தொடங்கிய அல் அப்ரார் பள்ளிவாசல். பின்னர்ச் செங்கல்லால் கட்டப்பட்ட போதிலும், தொடக்கத்துக் குடிலின் நினைவால் 'குச்சுப் பள்ளி' என்றே தமிழர் அதனை அழைத்தனர். இவ்விரண்டுக்கும் இடையே கடலன்னைக்குச் சீனர் எழுப்பிய தியான் ஹொக் கெங் கோயில் நிற்கிறது. கடலை அஞ்சியவர்கள் எல்லாரும் ஒரே தெருவில் வரிசையாக நின்றிருக்கிறார்கள்.

அங்கிருந்து சவுத் பிரிட்ஜ் சாலைக்குத் திரும்பினால், மாரியம்மன் கோயிலின் கோபுரம் கண்ணிற்படும். 1819 மே மாதத்தில் இராஃபிள்ஸோடு பினாங்கிலிருந்து வந்திறங்கிய நாராயண பிள்ளை இக்கோயிலைத் தோற்றுவித்தவர். தீவில் முதல் செங்கற் சூளையை வைத்தவரும் அவரே. பின்பு துணி வாணிகத்தில் இறங்கி, 1822இல் தீ விபத்தில் எல்லாம் இழந்து, மீண்டும் எழுந்தார். கோயிலுக்கு முதலில் தெலுக் ஆயரில் ஒதுக்கிய நிலத்தில் வழிபாட்டுக்கு ஏற்ற நன்னீர் கிடைக்கவில்லை. கடைசியில் 1823இல் இப்போதுள்ள இடம் கிடைத்தது. 1827இல் மரத்தாலும் கூரையாலும் ஆன சிறு கோயில் எழுந்தது. 1843 அளவில் செங்கல்லும் சாந்தும் வந்தன. இன்று காணும் கோபுரம் 1925ஆம் ஆண்டினது. கப்பலிலிருந்து இறங்கி வேலையும் உறைவிடமும் தேடி நின்ற புதியவர்க்குச் சோறும் நிழலும் தந்த இடம் இது என்பதைக் கோபுரத்தைப் படம் பிடிப்போர் அறிந்திருக்க வேண்டும். 2019இல், நகரம் நிறுவப்பட்டதன் இருநூறாம் ஆண்டையொட்டி, ஆற்றங்கரையில் இராஃபிள்ஸின் சிலைக்குப் பக்கத்தில் நாராயண பிள்ளைக்கும் ஒரு சிலை வைத்தார்கள். பின்னர் அது அங்கிருந்து எடுக்கப்பட்டது. இராஃபிள்ஸ் அங்கேயே நிற்கிறார்.

மாரியம்மன் கோயிலுக்குச் சில அடிகள் தள்ளி, அதே வரிசையில், 1826இல் சூலியா முஸ்லிம்கள் தோற்றுவித்த ஜாமிஆ பள்ளிவாசல். எண்கோண மினாராக்கள் இரண்டு நடுவே ஒரு குட்டி அரண்மனையின் முகப்போடு அது நிற்கும். அன்சர் சாயபு என்பவர் முன்னின்று கட்டியது. 'பெரிய பள்ளி' என்பது தமிழர் வழக்கு. கோயிலின் பக்கத்துத் தெருவுக்குக் கோபுரத்தால் பகோடா தெரு என்றும், பள்ளியின் பக்கத்துத் தெருவுக்கு மாஸ்க் தெரு என்றும் பெயர். இரண்டும் இன்று சீனர் பேட்டையின் நடுவில் உள்ளன. அரியும் சிவனும் ஒரே திருமேனியில் நிற்கும் ஊரிலிருந்து வருபவர்க்கு, அம்மனும் பள்ளியும் ஒரே சாலையில் நிற்பது வியப்பைத் தராது. வந்தவர்கள் தங்கள் ஊரின் அமைப்பையே அங்கும் நட்டார்கள் எனலாம்.

ஆற்றை நோக்கிச் செல்லும் வழியில் சூலியா தெருவும் மார்க்கெட் தெருவும் உள்ளன. சூலியா தெருவுக்கு முன்னைய பெயர் 'கிளிங் தெரு'. தமிழரை இழிவாகக் குறிக்கும் சொல்லாக 'கிளிங்' மாறிவிட்டது என்று இந்தியர் எதிர்ப்புத் தெரிவித்ததனால் 1920களின் தொடக்கத்தில் பெயரை மாற்றினர். மார்க்கெட் தெருவில் நகரத்தாரின் கிட்டங்கிகள் இருந்தன. நீண்ட கூடம், இருபுறமும் ஆளுக்கொரு கைப்பெட்டி, ஒரு சாய்வு மேசை, ஒரு பாய். இலட்சக்கணக்கான வெள்ளி அந்தப் பாயில் உட்கார்ந்தபடியே கைமாறியது. அக்கூடங்கள் இருந்த இடங்களில் இன்று நெடுமாடங்கள் எழுந்துவிட்டன. அங்கும் வட்டிக் கணக்குத்தான் நடக்கிறது. பாய் மட்டும் இல்லை.

ஆற்றின் முகத்துவாரத்தில் ஒரு காலத்தில் பெரும் பாறையொன்று நின்றது. அதன்மேல் ஐம்பது வரி அளவில் எழுத்துப் பொறித்திருந்தது. 1843இல் கட்டட வேலைக்காக அதனை வெடி வைத்துத் தகர்த்தனர். எஞ்சிய துண்டுகளுள் ஒன்று தேசிய அரும்பொருளகத்தில் உள்ளது. அதன் எழுத்தை உறுதியாகப் படித்தவர் இன்னும் இல்லை. 2019இல் ஆய்வாளர் ஒருவர் அத்துண்டில் 'கேசரிவ' என்னும் எழுத்துகளைக் கண்டு, பரகேசரிவர்மன் என்னும் சோழ விருதுப் பெயரின் பகுதியாக இருக்கலாம் என்றார். அது முடிந்த முடிபு அன்று. முதலாம் இராசேந்திரன் கடாரம் கொண்ட பெருமையைச் சிங்கப்பூரோடு முடிச்சுப் போட்டு மேடையில் முழங்குவோர், இந்த ஒற்றைத் துண்டின் முன் சிறிது தயங்கி நிற்பது நல்லது.

ஆற்றின் குறுக்கே நிற்கும் கவெனா பாலத்தைப் பெருமையோடு கடக்கலாம்; ஆனால் அது வேறு வகைப் பெருமை. 1869இல் முடிக்கப்பட்ட அந்த இரும்புப் பாலத்தின் பகுதிகள் கிளாஸ்கோவிலிருந்து கப்பலில் வந்தன. அவற்றைப் பொருத்தி நிறுத்தியவர் இந்தியச் சிறைக் கைதிகள். சிங்கப்பூரின் பழம்பெரும் கட்டடங்களையும் சாலைகளையும் அமைத்தவர்கள் யார் என்ற வினாவுக்கு நேர்மையான விடை அவர்களே. 1825 ஏப்பிரலில் பென்கூலனிலிருந்து முதல் அணி வந்திறங்கியது. சென்னை மாகாணத்தைச் சேர்ந்த 80 பேர். ஒரு வாரத்துக்குள் வங்கத்தைச் சேர்ந்தவர்கள் வந்தனர். 1873இல் கைதிகள் துறை மூடப்படும் வரை ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம், காடு வெட்டியதும் சதுப்பு நிலம் தூர்த்ததும் கல் உடைத்ததும் அவர்களே. நெல்லைச் சீமைக்கு இந்தக் கதை முற்றிலும் புதியதன்று. பாளையக்காரர் போர் 1801இல் முடிந்ததும், சின்ன மருதுவின் மகன் துரைசாமி உள்ளிட்ட எழுபதுக்கு மேற்பட்டோரைத் தூத்துக்குடியில் கப்பலேற்றி 1802இல் பினாங்குக்கு நாடு கடத்தினர். பூலித்தேவனின் நெற்கட்டும்செவலை அறிந்தவர்க்கு அந்தப் போரின் தொடக்கம் தெரியும். முடிவில் சிலர் போய்ச் சேர்ந்த இடம் கீழைக்கடல் தீவு ஒன்று என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

பாலத்தைக் கடந்தால் விரிந்த புல்வெளி. இங்கே 1943 ஜூலை 5ஆம் நாள் நேதாஜி இந்திய தேசிய இராணுவத்தின் அணிவகுப்பைப் பார்வையிட்டு, 'தில்லி செல்வோம்' என்று முழங்கினார். மலாயா ரப்பர்த் தோட்டங்களிலிருந்து வந்த தமிழ்ப் பெண்கள் ஜான்சி ராணிப் படையில் துப்பாக்கி ஏந்தினர். 1945 ஜூலை 8ஆம் நாள் அதே புல்வெளியின் கடலோரத்தில், போரில் மடிந்த வீரர்க்கு நினைவுச் சின்னம் ஒன்றுக்கு அவர் அடிக்கல் நாட்டினார். ஒற்றுமை, நம்பிக்கை, தியாகம் என்னும் மூன்று சொற்கள் அதில் பொறிக்கப்பட்டன. செப்டம்பரில் ஆங்கிலேயர் திரும்பி வந்ததும் முதற் காரியமாக அதனை வெடி வைத்துத் தகர்த்தனர். ஐம்பது ஆண்டு கழித்து, 1995இல், அங்கே ஓர் அடையாளப் பலகை நிறுவப்பட்டது. புல்வெளியில் பந்து ஆடுவோர் அதைப் பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை.

நண்பகல் வெயிலுக்கு ஒதுங்கத் தகுந்த இடம் அருகிலுள்ள புனித ஆண்ட்ரு பேராலயம். 1856இல் தொடங்கி 1860களின் தொடக்கத்தில் முடிந்த இதுவும் இந்தியக் கைதிகளின் கைவண்ணமே. உட்சுவரின் வெண்மை வியப்பூட்டுவது. கிளிஞ்சல் சுண்ணாம்போடு முட்டை வெண்கருவையும் நாட்டுச் சர்க்கரையையும் சேர்த்துக் குழைத்து, தேங்காய் மட்டை ஊறிய நீரை ஊற்றி, பூசிய பின் வழுவழுப்பான கல்லால் தேய்த்து மெருகேற்றினர். தென்னாட்டுக் கொத்தனார்க்கு இது பழைய பாடம். செட்டிநாட்டு வீட்டுச் சுவரைத் தடவிப் பார்த்தவர்க்கும் அது தெரியும். ஆலயத்தில் கைதிகளின் பெயர் எதுவும் பொறிக்கப்படவில்லை. பொறிக்கப்படாதது இயல்பே. ஆனால் அந்தச் சாந்தின் செய்முறையைக் கைதிகளை மேற்பார்த்த மெக்நேர் என்னும் அதிகாரி 1899இல் வெளியிட்ட நூலில் எழுதி வைத்தார். பெயரை விட்டுவிட்டுச் செய்முறையை மட்டும் காத்துத் தந்திருக்கிறது வரலாறு.

பிற்பகலில் மேற்கே டேங்க் சாலைக்குத் திரும்பவேண்டும். அங்கே நகரத்தார் 1859இல் எழுப்பிய தண்டாயுதபாணி கோயில் உள்ளது. கவிதை எழுதுவோர் இக்கோயிலைச் சற்று நின்று பார்க்கவேண்டும். யாழ்ப்பாணத்து வண்ணை நகரைச் சேர்ந்த சி. ந. சதாசிவ பண்டிதர் என்பவர் இங்கு வந்திருந்து, இங்குறையும் முருகன்மீது 'சிங்கைநகர் அந்தாதி' பாடினார். தம் சொந்த ஊருக்குப் பாடிய 'வண்ணை அந்தாதி'யும் சித்திரகவிகளும் அதே நூலில் சேர்ந்து 1887இல் வெளிவந்தன. ஒரு செய்யுளின் இறுதி அடுத்த செய்யுளின் முதலாக வரத் தொடுப்பது அந்தாதி. விட்டு வந்த ஊரையும் வந்து சேர்ந்த ஊரையும் ஒரே நூலில் தொடுத்த புலவர் அந்த வடிவத்தைத் தேர்ந்துகொண்டது பொருத்தமே.

அந்நூலை அச்சிட்டது தீனோதய அச்சுக்கூடம். அதே ஆண்டில் அங்கிருந்தே 'சிங்கை நேசன்' என்னும் வார இதழும் புறப்பட்டது. அதன் ஆசிரியர் சி. கு. மகுதூம் சாயபு. சைவப் பண்டிதரின் முருக அந்தாதி முஸ்லிம் ஆசிரியரின் இதழ் வெளிவந்த கூடத்தில் அச்சேறியது. அன்று அது ஒரு செய்தியாகவே எவர்க்கும் தோன்றியிராது. இந்த அந்தாதியே சிங்கப்பூரின் முதல் தமிழ் நூல் என்று நெடுங்காலம் எழுதி வந்தனர். பின்வந்த ஆய்வு அதனை மாற்றியது. 1872இல் நாகூர் முகம்மது அப்துல் காதிர் என்பவர் இயற்றிய 'முனாஜாத்துத் திரட்டு' என்னும் இறைவேண்டற் பாடல் தொகுதி அங்கே அச்சாகியிருந்தது தெரியவந்தது. ஆக, அத்தீவின் அறியப்பட்ட தமிழ் அச்சு வரலாறு ஒரு வேண்டுதலோடு தொடங்குகிறது. தெலுக் ஆயர் கரையில் கட்டடம் சொன்னதை இங்கே ஏடு சொல்கிறது.

டேங்க் சாலையிலிருந்து கிழக்கே வரும்போது தோபி காட் என்னும் இடத்தைக் கடக்க நேரும். ஓடையில் துணி வெளுத்த இந்தியச் சலவைத் தொழிலாளர் விட்டுச்சென்ற பெயர் அது. அதன் அருகிலிருந்த கேத்தே அரங்கில்தான் 1943 அக்டோபர் 21ஆம் நாள் சுதந்திர இந்தியத் தற்காலிக அரசு அறிவிக்கப்பட்டது. அதற்கும் அப்பால் சிராங்கூன் சாலை தொடங்குகிறது.

தேக்கா, சிராங்கூன் சாலை என்றால் இன்று எவர்க்கும் மல்லிகைச் சரமும் வாழையிலைச் சாப்பாடும் நகைக்கடையும் நினைவுக்கு வரும். ஞாயிற்றுக்கிழமை மாலையில் ஒப்பந்தத் தொழிலாளர் ஆயிரக்கணக்கில் அங்கே கூடுகின்றனர். அவர்களுள் தென்காசி மாவட்டத்து இளைஞரும் உண்டு. பழங்காலத்தில் இங்கு இருந்தவை எருமைத் தொழுவங்களும் செங்கற் சூளைகளும் சுண்ணாம்புக் காளவாய்களுமே. வீரமாகாளியம்மன் கோயிலைச் 'சுண்ணாம்புக் கம்பத்துக் கோயில்' என்று முதியோர் சொல்வர். கம்பம் என்பது சிற்றூரைக் குறிக்கும் மலாய்ச் சொல்லின் தமிழ் வடிவம். பேராலயச் சுவரில் கண்ட வெண்மையின் பிறப்பிடம் இத்தகைய சூளைகளே.

சாலையில் மேலும் வடக்கே சென்றால், 1855இல் தோன்றிய சீனிவாசப் பெருமாள் கோயில். தைப்பூசத்தன்று காவடி எடுப்போர் இங்கிருந்து புறப்பட்டு டேங்க் சாலைத் தண்டாயுதபாணி கோயில் வரை நடக்கின்றனர். ஐப்பசியில் தீமிதிப்போர் இதே கோயிலிலிருந்து சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயில் வரை, ஏறக்குறைய நான்கு கிலோமீட்டர், நடக்கின்றனர். அக்கோயிலில் 1840 முதல் தீமிதி நடந்து வருகிறது. பெருமாள் கோயிலில் தொடங்கி முருகனிடமும் மாரியிடமும் முடியும் அவ்விரு நடைகளும், காலையிலிருந்து நடந்த வழியைத் தலைகீழாகத் திருப்பினாற்போல் அமைந்தவை.

பெருமாள் கோயிலுக்குப் பக்கத்தில் பீட்டி சாலை என்று சிறு சாலை ஒன்று பிரிகிறது. சுற்றுலா ஏடுகள் எதுவும் அதைக் குறிப்பதில்லை. அங்கே ஒரு கட்டடத்தின் முகப்பில் 'உமறுப்புலவர் தமிழ்மொழி நிலையம்' என்று எழுதியிருக்கும்.

சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவர் எட்டயபுரத்தில் வாழ்ந்தவர், அங்கேயே அடங்கியவர். கடிகை முத்துப் புலவரிடம் பாடம் கேட்டு, எட்டயபுரம் அரண்மனையில் புலவராய் அமர்ந்தவர். வள்ளல் சீதக்காதியின் தூண்டுதலால் நபிகள் நாயகத்தின் வரலாற்றை ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட விருத்தங்களில் பாடத் தொடங்கி, முடிக்குமுன்னர் 1703இல் மறைந்தவர். அவர் கடல் கடந்தவர் அல்லர். அவர் பெயர் அத்தீவுக்கு எவ்வாறு வந்தது என்பதற்கு விடை, காலையில் கண்ட தஞ்சோங் பகாரில் இருக்கிறது.

கடையநல்லூர் மக்கள் 1941இல் தங்களுக்கென ஒரு சங்கம் கண்டனர்: சிங்கப்பூர்க் கடையநல்லூர் முஸ்லிம் லீக். அடுத்த ஆண்டே சப்பானியர் ஆட்சி வந்தது. போர் முடிந்து மறு ஆண்டு, 1946இல், அச்சங்கம் தஞ்சோங் பகார் வட்டாரத்தில் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடம் தொடங்கியது. அதற்கு உமறுப்புலவர் தமிழ்ப் பள்ளி என்று பெயரிட்டது. அரிசிப் பஞ்சம் நீங்காத காலம் அது. மூட்டை தூக்கியும் மசாலை அரைத்தும் சேர்த்த காசில் ஒரு கூட்டம் முதற் செலவாகப் பள்ளிக்கூடத்தை நினைத்தது ஏன்? அங்கே அவர்களுக்குப் பிள்ளைகள் இருந்தனர் என்பதே காரணம். தனியே வந்தவன் கோயில் கட்டுவான், பள்ளிவாசல் கட்டுவான், ஊருக்குப் பணம் அனுப்புவான். எழுத்துக்கூட்டிப் படிக்கப் பிள்ளை இல்லாதவனுக்குத் திண்ணைப் பள்ளி எதற்கு? அம்மியோடு வந்த பெண்களால்தான் பள்ளிக்கூடம் வந்தது. வணிகரும் வள்ளல்களும் அதற்கு முன்னும் பின்னும் தமிழுக்குச் செய்தவை பல. கோ. சாரங்கபாணி 1935இல் 'தமிழ் முரசு' தொடங்கியதும், 1952இல் தமிழர் திருநாளை நிலைநாட்டியதும், பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு இடம் கேட்டு எளிய தொழிலாளரிடம் சிறு காசுகள் திரட்டியதும் பெருஞ்செயல்கள். 1965இல் விடுதலை பெற்ற சிங்கப்பூர் தமிழை நான்கு ஆட்சிமொழிகளுள் ஒன்றாக வைத்துக்கொண்டதில் அவர் உழைப்புக்குப் பங்குண்டு. ஆனால் செய்தித்தாளைப் படிக்க ஒரு தலைமுறை வேண்டும். அத்தலைமுறையை உருவாக்கிய இடங்களுள் மசாலை மணம் வீசிய அத்தெருக்களுக்கு உரிய இடம் இன்னும் எழுதப்படவில்லை.

பெயர்த் தேர்விலும் ஒரு நுட்பம் உண்டு. பள்ளியை நிறுவியவர் முஸ்லிம்கள். ஆயினும் ஓர் ஊர்ப் பெரியவரின் பெயரையோ ஒரு கொடையாளியின் பெயரையோ அவர்கள் வைக்கவில்லை. அரபு நாட்டை நெல்வயல் சூழ்ந்த தமிழ் நாடாகவே கண்டு பாடிய ஒரு புலவரின் பெயரை வைத்தனர். அப்பெயரின்கீழ் எல்லாச் சமயத்துத் தமிழ்ப் பிள்ளைகளும் வந்து அமர இடமிருந்தது.

1960இல் அங்கே உயர்நிலை வகுப்புகள் தொடங்கின. தமிழிலேயே உயர்நிலைக் கல்வி வரை பயில அத்தீவில் அது ஒன்றே வழி. ஆனால் காலம் வேறு திசையில் சென்றது. வேலையும் பல்கலைக்கழகமும் ஆங்கிலத்தின் பக்கம் இருந்தன. மூட்டை தூக்கிய தகப்பன் தன் மகன் மூட்டை தூக்கக்கூடாது என்று எண்ணி ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்பினான். அதை எவரும் குற்றம் என்று சொல்லிவிட முடியாது. மாணவர் தொகை ஆண்டுதோறும் குறைந்து, 1982இல் பள்ளி மூடப்பட்டது. அதன் பின்னர் அரசு தமிழ்மொழி நிலையம் ஒன்றை நிறுவியபோது, மூடிய பள்ளியின் பெயரையே அதற்கு வைத்தது. தத்தம் பள்ளிகளில் தமிழாசிரியர் இல்லாத மாணவர்கள் பிற்பகலில் இங்கு வந்து தமிழை ஒரு பாடமாகக் கற்றுச் செல்கின்றனர். 2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி, ஐந்து வயதுக்கு மேற்பட்ட சிங்கப்பூர்வாசிகளுள் வீட்டில் தமிழையே மிகுதியாகப் பேசுவோர் நூற்றுக்கு 2.5 பேர்.

பொழுது சாயும் நேரத்தில் வகுப்பு முடிந்து பிள்ளைகள் வெளியே வருவார்கள். சீருடைகள் பல நிறத்தின. பல பள்ளிகளினின்று வந்தவர்கள். வாயிலைக் கடந்ததும் அவர்கள் பேச்சு ஆங்கிலத்துக்கு மாறிவிடும். தங்களுக்குள் ஒருவரையொருவர் கூப்பிடும்போது மட்டும் 'டேய்' என்பார்கள். அவர்கள் தலைக்கு மேலே, தமிழ் எழுத்தில், எட்டயபுரத்துப் புலவரின் பெயர். பெருமாள் கோயிலில் மாலைப் பூசைக்கு மணி அடிக்கும். சாலையின் மறுபுறம் உள்ள கடைகளில் அரைத்த மசாலைப் பொட்டலங்கள் அடுக்கியிருக்கும். இப்போது அவை எந்திரத்தில் அரைத்தவை.